பழைய ஹார்மனி கிட்டார்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

குறைந்த விலையில் பழைய அகூஸ்டிக் கிட்டார் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஹார்மனி. 1892இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி அது. 1916இல் அமெரிக்காவின் பெரிய அஞ்சல்வழி விற்பனை நிறுவனமான சியர்ஸ் அதை வாங்கியது. 1975இல் மூடினார்கள். 1945க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் மட்டும் சுமார் ஒரு கோடி கிட்டார்கள் அங்கிருந்து வந்ததாகக் கணக்கு. 1939இல் ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனியிடமிருந்து ஸ்டெல்லா என்ற பெயரை வாங்கி, அந்தப் பெயரிலும் விற்றார்கள். சியர்ஸ் கடைகளில் விற்ற சில்வர்டோன் கிட்டார்களில் பலவும் இங்கே செய்தவைதான்.

அந்தக் காலத்தில் இவை படிக்கிற பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் கிட்டார்கள். ஆனால் மரம் உண்மையான மரம். சாவரின் ஹெச்1260க்கு முகப்பில் ஸ்ப்ரூஸ் பலகை, முதுகிலும் பக்கத்திலும் மஹோகனி. ஹெச்165 முழுக்க மஹோகனி. ஸ்டெல்லா ஹெச்929 முழுக்க பிர்ச். பிளைவுட் இல்லாத இப்படிப்பட்ட உடம்பு, புதுக் கிட்டாரில் இந்த விலைக்கு வராது. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான மூட்டுகளை ஒட்டியிருப்பது வச்சிரம், நம்மூர் ஆசாரிகள் காய்ச்சி ஒட்டிய அதே வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் இளகும், மறுபடி ஒட்டினால் பிடிக்கும். ஐம்பது அறுபது ஆண்டு கழித்தும் இவற்றைப் பிரித்துச் சேர்க்க முடிவது அதனால்தான். ஆகவே கீழே எந்தப் பழுதாக இருந்தாலும் எபாக்சியும் ஃபெவிகுவிக்கும் பட்டறைக்குள்ளேயே வரக்கூடாது. அடுத்து வருபவர் பிரிக்க முடியாத வேலையை நாம் செய்து வைக்கக்கூடாது.

எதையும் தொடும் முன் கம்பிகளைத் தளர்த்துங்கள். ஒரு கைப்பிடி அரிசியை ஒலித்துளை வழியாகப் போட்டு, கிட்டாரை மெல்ல ஆட்டிக் கொட்டுங்கள். பல காலத் தூசு அரிசியோடு வந்துவிடும். பிறகு சிறு கண்ணாடியும் செல்போன் வெளிச்சமும் கொண்டு உள்ளே பாருங்கள். முதுகுப் பலகையின் உட்புறத்தில் எஃப் அல்லது எஸ் என்ற எழுத்தும், பக்கத்தில் இரண்டு இலக்கமும் முத்திரையாக இருக்கும். அந்த இலக்கம்தான் ஆண்டு: 64 என்றிருந்தால் 1964. நீளமான இன்னொரு எண்ணில் ஹெச் எழுத்துக்குப் பின்னால் வருவது மாடல். முத்திரை மங்கியிருந்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து சென்னை போன்ற கடலோர ஊருக்கு வந்த கிட்டார் என்றால் இரண்டு வாரம் சும்மா இருக்க விடுங்கள். முழு மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். முகப்பு மேலெழும், கம்பியும் உயரும். அந்த உயரத்தைப் பார்த்து உளியை எடுத்தால் தேவையில்லாத இடத்தை வெட்டுவீர்கள்.

கம்பி மிக உயரத்தில் நிற்கிறது, பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) பிடிக்கவே முடியவில்லை

பழைய ஹார்மனி வாங்கிய பத்துப் பேரில் பெரும்பாலானோர் சொல்வது இதைத்தான். காரணம் நான்கில் ஒன்று, சில சமயம் இரண்டு சேர்ந்தும் வரும். எது என்று பிரித்தறியாமல் சாடிலை (முகப்பில் இருக்கும் பிரிட்ஜ் கட்டையின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) தேய்க்க ஆரம்பிப்பதுதான் இந்தக் கிட்டார்களுக்கு நேரும் பெரிய கேடு.

முதலில் அளவெடுங்கள். 12வது ஃப்ரெட்டுக்கு (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் தடித்த ஈ கம்பி 2.4 மி.மீ., மெல்லிய ஈ கம்பி 1.6 மி.மீ. இருந்தால் நல்ல உயரம். 3 மி.மீ. வரை பரவாயில்லை. 4 மி.மீ. தாண்டினால் வேலை இருக்கிறது.

நட்டை, அதாவது கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடிப் பட்டையைப் பாருங்கள். மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் கம்பியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கவேண்டும். அங்கே தாராளமாக இடம் இருந்தால் நட்டின் காடிகளை அரத்தால் ஆழமாக்க வேண்டும். எஃப் கார்டு மட்டும் கொல்கிறது, மேலே போனால் சரியாக இருக்கிறது என்றால் இதுதான் நோய்.

அடுத்து நெக் (கழுத்துக் கட்டை) வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14வது ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். நடுவில், 6 அல்லது 7வது ஃப்ரெட் மேல், விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழைந்தால் போதும். மூன்று நான்கு கார்டு நுழைந்தால் நெக் வில்லாகிவிட்டது. பல மாடல்களின் தலையில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துத் திருகாணியைத் தேடாதீர்கள். உள்ளே இருப்பது அசையாத இரும்புப் பட்டை, திருக ஏதுமில்லை. லேசான வளைவு என்றால் மெல்லிய கம்பி மாட்டினாலே தாங்கிக்கொள்ளலாம். அதிகம் என்றால் ஃப்ரெட்களைப் பிடுங்கி, விரல் பலகையைச் சமமாக இழைத்து, புது ஃப்ரெட் அடிக்கவேண்டும்.

இவை இரண்டும் இல்லையென்றால் நெக் சேரும் கோணம். நீளமான இரும்பு ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் நெடுக வைத்து பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட்டபடியோ சற்று மேலாகவோ போகவேண்டும். பிரிட்ஜின் மரத்தில் முட்டினால் கம்பியின் இழுவையில் நெக் முன்னே சாய்ந்துவிட்டது. 12–53 கம்பித் தொகுதி (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சுருதியில் நிற்கும்போது சுமார் 73 கிலோ இழுக்கிறது. அரை நூற்றாண்டு அந்த இழுவையைத் தாங்கிய மூட்டு அது. நெக்கின் குதிகாலுக்கும் (உடம்போடு சேரும் தடித்த அடிப்பகுதி) உடம்புக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் மூட்டே விட்டுப்போயிருக்கிறது. அது நல்ல செய்தி, ஏனென்றால் பாதிப் பிரிப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது.

இதற்கு முறையான வைத்தியம் நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி பொருத்துவது. அமெரிக்காவில் கைதேர்ந்த ஒருவர் இதற்குக் கேட்கும் கூலி பெரும்பாலும் கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். இந்தக் கிட்டார்கள் இன்னும் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே பாதிக் காரணம். நீங்களே செய்யத் துணிந்தால் முறை இது.

நெக் 14வது ஃப்ரெட்டில் உடம்பைச் சேரும் கிட்டாரில், 15வது ஃப்ரெட்டை சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடாக்கிக் கொறடால் மெல்லக் கிளப்புங்கள். சூடாக்கிய மெல்லிய கத்தியால் முகப்பின் மேல் ஒட்டியிருக்கும் விரல் பலகையின் நாக்குப் பகுதியை விடுவியுங்கள். பிறகு அந்த ஃப்ரெட் காடிக்குள் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் புறாவால் மூட்டின் (புறாவின் வால்போல் விரிந்து, உடம்பின் காடிக்குள் கோத்திருக்கும் மூட்டு) உள்வெளிக்குப் போய்ச் சேரும். காபி இயந்திரத்தின் ஆவிக் குழாயில் ஊசி முனை மாட்டி உள்ளே ஆவி செலுத்துவார்கள். பிரஷர் குக்கரில் குழாய் மாட்டுகிறவர்களும் உண்டு. ஊசி அடைத்துக்கொண்டால் குக்கர் என்னவாகும் என்று யோசித்து, அதை விட்டுவிடுங்கள். ஆவி வெளியே கசியும் இடத்தை உடனுக்குடன் துடைக்கவேண்டும், இல்லையேல் வார்னிஷ் வெளுத்துப்போகும். சில நிமிடத்தில் வச்சிரம் இளகி நெக் மேல்நோக்கி நகரும். அடித்துப் பிடுங்க வேண்டாம். ஹார்மனியில் மூட்டைச் சற்றுத் தளர்வாகவே செதுக்கி வச்சிரத்தால் நிரப்பியது அடிக்கடி காணக் கிடைக்கும், ஆகவே பலவும் லேசில் வந்துவிடும். வந்த பிறகு ஒரு வாரம் காயவிடுங்கள்.

குதிகாலில் எவ்வளவு எடுப்பது? கணக்கு இருக்கிறது. 12வது ஃப்ரெட்டில் எவ்வளவு தாழவேண்டுமோ அதன் இரு மடங்கு பிரிட்ஜில் மாறவேண்டும். அதைக் குதிகாலின் உயரத்தால் பெருக்கி, மூட்டிலிருந்து சாடில் வரையிலான தூரத்தால் வகுக்கவேண்டும். ஓர் உதாரணம்: 4.4 மி.மீ. உயரத்தை 2.4க்குக் கொண்டுவர 2 மி.மீ. குறையவேண்டும், பிரிட்ஜில் அது 4. குதிகால் 90 மி.மீ., மூட்டிலிருந்து சாடில் 285 மி.மீ. என்றால் 4 × 90 ÷ 285, சுமார் 1.25 மி.மீ. அவ்வளவுதான். குதிகாலின் அடிமுனையில் இந்த அளவும், விரல் பலகைக்கருகே பூஜ்யமுமாகச் சாய்வாக எடுக்கவேண்டும். பெரும்பகுதியை உளியால் எடுத்துவிட்டு, கடைசிப் பொருத்தத்துக்கு நெக்கை இடத்தில் வைத்து, குதிகாலுக்கும் உடம்புக்கும் இடையில் உப்புத்தாள் துண்டைச் சொரசொரப்பு குதிகால் பக்கம் இருக்கும்படி நுழைத்து இழுங்கள். இரண்டு பக்கமும் எண்ணி ஒரே அளவு இழுக்காவிட்டால் நெக் இடமோ வலமோ திரும்பிவிடும்.

எடுத்த பிறகு மூட்டு இன்னும் தளர்ந்திருக்கும். மஹோகனிச் சீவல்களை வைத்து இறுக்குங்கள். பசை இல்லாமலே நெக் தானாக நிற்கிற அளவு இறுக்கம் வந்தபின்தான் வச்சிரம். அதை 60 டிகிரி சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தடவினால் ஒரு நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். நிதானம் வேண்டுமென்றால் மீன் பசை நல்லது.

ஸ்டெல்லா ஹெச்929 போன்ற எளிய கிட்டாருக்கு இன்னொரு வழியும் சொல்வேன்: குதிகாலில் ஒரு போல்ட் போட்டு உள்பக்கமிருந்து இறுக்குவது. சுத்த வைதீகர்கள் ஒப்பமாட்டார்கள். உள்ளிருந்து போட்ட போல்ட்டை நாளை கழற்றலாம், வெளியே தெரியாது, கிட்டார் வாசிக்கும் நிலைக்கு வருகிறது. குதிகாலின் வெளிப்பக்கமிருந்து மரத்திருகாணி அடிப்பது வேறு கதை. அது மரத்தைப் பிளக்கும், இறுக்கமும் நிற்காது. அப்படி அடித்த கிட்டார் விற்பனைக்கு வந்தால் விலையில் பாதி குறைத்துக் கேளுங்கள்.

யமஹாவின் பழைய எஃப்ஜி வரிசை, 1966இல் வந்த எஃப்ஜி-180 போன்றவை, மலிவான நல்ல கிட்டார்கள்தான். ஆனால் அவற்றின் நெக் பசை ஆவிக்கு லேசில் இளகாது. இந்தப் பகுதியில் சொன்னதை அவற்றின்மேல் செய்து பழகாதீர்கள்.

பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்பு வீங்கி, முன்னால் குழிந்திருக்கிறது

கம்பி உயர்வதற்கு நான்காவது காரணம் இது. ஹார்மனி, ஸ்டெல்லா, இன்னொரு சிகாகோ கம்பெனியான கே ஆகியவற்றின் கிட்டார்களில் முகப்புக்கு அடியிலுள்ள கட்டைகள் பெரும்பாலும் ஏணிப் படிகள் மாதிரி குறுக்கே ஓடும். மார்ட்டின் கிட்டார்களில் போல எக்ஸ் வடிவில் இல்லை. கம்பி இழுக்கும் திசையில் தாங்க எதுவும் இல்லாததால் பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்கிறது. கொஞ்சம் வீக்கம் இருந்தால் அது அந்தக் கிட்டாரின் இயல்பு, விட்டுவிடுங்கள். ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே வெளிப்படையான பள்ளம் தெரிந்தால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

முகப்பை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். கட்டை நன்றாக ஒட்டிய இடத்தில் கணீரென்றும், விட்ட இடத்தில் சொத்தையாகவும் கேட்கும். விட்ட இடத்தில் மெல்லிய கத்தியால் பழைய வச்சிரத்தைச் சுரண்டி, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, புது வச்சிரம் செலுத்தி, உள்ளே முதுகுப் பலகைக்கும் கட்டைக்கும் இடையில் சிறு திருகு முட்டு கொடுத்து நிறுத்துங்கள். முதுகு வெளியே பிதுங்காத அளவுக்கு மட்டும் முட்டு போதும்.

பிரிட்ஜே ஒரு பக்கம் தூக்கியிருந்தால், அதன் மேல் இரண்டு முத்துப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹார்மனி பிரிட்ஜ்கள் பலவற்றில் அந்தப் புள்ளிகளுக்கு அடியில் போல்ட் இருக்கும். தெரியாமல் கத்தியை விட்டு நெம்பினால் முகப்பு கிழியும். புள்ளியை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, பிறகு சூடாக்கிக் கிளப்புங்கள். அடியில் வார்னிஷ் மிச்சமிருந்தால் வெறும் மரம் தெரியச் சுரண்டிவிட்டு ஒட்டவேண்டும். முதல் தடவை பசை விட்டதற்கு அந்த வார்னிஷே காரணமாக இருந்திருக்கும்.

ஏணிக் கட்டைகளை எடுத்துவிட்டு எக்ஸ் கட்டை போடுகிறவர்கள் பலர். சாவரின் மாதிரி பெரிய உடம்புக்கு அது பயன் தரும் என்பது உண்மை. லெட் செப்லின் ராக் குழுவின் ஆல்பங்கள் சிலவற்றில் அதன் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் ஹெச்1260 வாசித்தார் என்பது பரவலாகத் தெரிந்தபின் அதன் விலை ஏறிவிட்டது, அதில் இவ்வளவு வேலை செய்யவும் பொருளுண்டு. ஆனால் சின்ன ஸ்டெல்லாவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லெட் பெல்லி போன்ற பழைய ப்ளூஸ் கலைஞர்களின் ஸ்டெல்லாவில் கேட்கும் அந்த வறண்ட, குறுகிய, முகத்திலடிக்கும் ஒலி ஏணிக் கட்டையிலிருந்து வருகிறது. அதை மாற்றினால் இன்னொரு சாதாரணக் கிட்டார்தான் மிஞ்சும்.

கம்பி 11–52க்கு மேல் தடிமன் வேண்டாம். இழுவை குறைந்த சில்க் அண்டு ஸ்டீல் கம்பி இன்னும் நல்லது.

உள்ளே எங்கோ சடசடக்கிறது

ஒரே ஒரு சுரத்தில் மட்டும் சடசடத்தால் முதலில் ஃப்ரெட்டைச் சந்தேகியுங்கள். பழைய கிட்டார்களில் முதல் மூன்று ஃப்ரெட்கள் கம்பிக்கு நேர் கீழே குழி விழுந்திருக்கும். குழியிலிருந்து எழும் கம்பி அடுத்த ஃப்ரெட்டில் உரசும். மூன்று ஃப்ரெட்களின் மேல் மட்டும் நிற்கும் சிறிய ஸ்கேல் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. தட்டி உட்கார வையுங்கள், உட்காராவிட்டால் அரம் போடுங்கள்.

எங்கே வாசித்தாலும் ஒரே மாதிரி சடசடப்பு வந்தால் கட்டை விட்டிருக்கிறது, இல்லையேல் டியூனிங் கீயின் திருகோ, தூக்கிக்கொண்ட பிக்கார்டோ (முகப்பில் கீறல் விழாமல் காக்கும் தகடு) அதிர்கிறது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஒவ்வொரு பாகமாக விரலால் அழுத்தினால் கண்டுபிடித்துவிடலாம்.

விரிசல்

சிகாகோக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று மிக வறண்டுவிடும். முகப்பு சுருங்கி, மர ரேகை வழியே பிளக்கும். பசையை எடுக்கும் முன் ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் கிட்டாரை வைத்திருங்கள். விரிசல் தானாக மூடிக்கொள்ளும். மூடிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. ஏசி அறைக்குப் போனால் மறுபடி திறக்கும். மூடிய நிலையில் வச்சிரத்தை விரலால் தேய்த்து உள்ளே இறக்குங்கள். உட்புறத்தில் 15 மி.மீ. சதுர ஸ்ப்ரூஸ் சில்லுகளை, ரேகை விரிசலுக்குக் குறுக்காக ஓடும்படி, சில அங்குலத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். ஈரம் ஊட்டியும் மூடாத விரிசலுக்கு அதே மரத்தின் சீவலை ஆப்பாக வைக்கவேண்டும். மரப் புட்டி அடைப்பது வீண்வேலை.

சுருதி நிற்கவில்லை

பல்சக்கரங்களில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கை லைட்டர் திரவத்தால் கழுவி, ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். பிளாஸ்டிக் குமிழ் நொறுங்கியிருந்தால் குமிழை மட்டும் மாற்றலாம். திருகும்போது டிக்கென்று தாவினால் கம்பி நட்டில் சிக்குகிறது, காடியில் பென்சில் முனையைத் தேய்த்தால் தீரும்.

திறந்த கம்பி சரியாக இருந்து, மேலே போகப் போகச் சுருதி விலகினால் பிரிட்ஜின் இடம். டெயில்பீஸ் (கம்பிகளின் முனையை உடம்பின் கடைசியில் பிடிக்கும் தகடு) வைத்து, பிரிட்ஜ் ஒட்டாமல் நிற்கும் ஸ்டெல்லாவில் இது அடிக்கடி வரும், சரிசெய்யவும் எளிது. 12வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும் வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பின்னே, குறைவாக இருந்தால் முன்னே. தடித்த கம்பிப் பக்கம் பிரிட்ஜ் சற்றுப் பின்தள்ளிச் சாய்ந்து நிற்பதுதான் சரி. இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் மங்கி அசிங்கமாக இருக்கிறது

தேய்க்காதீர்கள். ஈரத்துணி, பிறகு லைட்டர் திரவம் தொட்ட துணி, அதோடு நிறுத்துங்கள். ஸ்பிரிட்டும் நெயில்பாலிஷ் ரிமூவரும் பழைய லாக்கரைக் கரைத்துவிடும். ஹெச்929இல் தெரியும் புலிவரி மர ரேகை தூரிகையால் வரைந்தது, ஓரப் பட்டையும் வெறும் பெயின்ட். உப்புத்தாள் ஒருமுறை பட்டால் இரண்டும் போய்விடும், திரும்ப வராது. விரல் பலகையும் சில மாடல்களில் சாயம் ஏற்றிய மரம். எலுமிச்சை எண்ணெய் தடவும் முன் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள், துணி கறுத்தால் விட்டுவிடுங்கள்.

கிட்டாரை நகர்த்தினால் அடியில் மெல்லிய பொடி உதிர்ந்திருக்கிறது

வாங்கும் முன் பார்க்கவேண்டியது இது. குண்டூசித் தலை அளவுத் துளைகள் மட்டும் இருந்து பொடி இல்லையென்றால் பழைய கதை, பூச்சி போய்விட்டது. துளை பளிச்சென்று, பொடி புதிதாக இருந்தால் மரம் இப்போதும் உளுத்துக்கொண்டிருக்கிறது. அருங்காட்சியகங்களில் மரப்பொருளை உறைகுளிரில் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள், ஆனால் அந்தக் குளிரில் லாக்கர் கண்ணாடியாக வெடிக்கும். இந்த விலைக் கிட்டாருக்கு அந்தப் போராட்டம் வேண்டாம், மற்ற கிட்டார்கள் இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். விற்பவர் சம்மதித்தால் டியூனிங் கீ தகடுகளையும் டெயில்பீஸையும் மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று கீ ஒரே தகட்டில் வரும் பழைய அளவு உதிரிகள் அடுத்த ஸ்டெல்லாவுக்கு அப்படியே பொருந்தும்.